மினாத்தாவுக்காகப் பேச வந்தவள்

வாழ்நாள் சாதனை விருதை இந்த வருடம் மினாத்தா மிலோகோவுக்குக் கொடுப்பது என்று முடிவானபோது கமிட்டியில் ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்கள் தலைநகர் வாகதூகுவில் நடக்கும் திரைப்பட விழாக்களில் எங்களுடையது சின்னது. சண்டையில் மட்டும் சின்னது இல்லை. போன வருடம் ஒரு பெயரை எடுத்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அதற்கு முந்தின வருடம் நாங்கள் மூன்று மாதம் இழுத்தடித்து முடிவு செய்வதற்குள் விருதுக்குரியவர் காலமாகிவிட்டார். மினாத்தா என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவி தபிரே அம்மா பேனாவை மூடிவிட்டு, "இன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"கிணற்றடி வழக்கு" படத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் நாட்டில் இருக்கலாம். அதன் வசனத்தைச் சொல்லாதவர்கள் கிடையாது. ஊர் விட்டு ஊர் வந்த ஒரு விதவை கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாள். பெரியவர்கள் கூடி, நீ யார், எந்தக் குலம், யார் மகள் என்று விசாரிக்கிறார்கள். தலையில் இருக்கும் குடத்தை இறக்கிவைக்காமலே அவள் சொல்கிறாள்: "தண்ணி என் பேரைக் கேக்கல. நீங்க ஏன் கேக்குறீங்க?" மொபெட்டை மறிக்கும் போலீஸ்காரரிடம் இதைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் இடத்தில் சொல்வார்கள். அந்த விதவைதான் மினாத்தா. அந்த வேஷத்துக்கு அவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. பிறகு இருபது படங்கள் நடித்தார்.

விழாவில் விருந்தினர்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. அதற்கு முன் முப்பது வருடம் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவன். "கிணற்றடி வழக்கு" படத்தில் ஒலிப்பதிவு உதவியாளனாக இருந்ததும் நான்தான். அதனால், "ஸெர்போ, நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க, பழகினவங்க" என்று என்னை அனுப்பினார்கள்.

கூங்கின் என்ற பகுதியில் மகள் சாலியோடு மினாத்தா இருந்தார். சாலிக்கு நாற்பது வயது இருக்கும், மருந்துக்கடையில் வேலை. கதவைத் திறந்ததும் என்னை உள்ளே விடாமல் வாசலிலேயே நின்று பேசினாள்.

"அம்மா தூங்குறாங்க. லெட்டரை என்கிட்டயே குடுங்க."

"கையில குடுக்கணும்மா. ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாலி தோளைத் தளர்த்திக்கொண்டு வழிவிட்டாள்.

மினாத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் இடது கையால் அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அயோ" என்றார்.

தலைநகரில் எல்லோரும் பேசும் மோரே மொழியில் அதற்கு "இல்லை" என்று பொருள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாங்கிறீங்களா அக்கா?"

"அயோ, அயோ" என்று சொல்லிக்கொண்டே தலையை ஆமாம் என்று ஆட்டினார்.

"அவங்களுக்கு அது ஒண்ணுதான் வரும்" என்றாள் சாலி. "ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள் காலையில விழுந்தாங்க. எழுந்தப்ப எல்லா வார்த்தையும் போயிடுச்சு. சொந்த ஜூலா பாஷைகூட இல்ல. இது மட்டும் நின்னுது. நாம பேசுறது எல்லாம் புரியும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேற யாருக்காவது குடுத்துடுவீங்க."

நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஆனால் மேடையில் நன்றி சொல்ல வேண்டுமே என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. "கவலை வேணாம்மா. அம்மா மேடைக்கு வந்தா போதும். பேசுறதுக்குப் பதிலா அந்தக் கிணத்தடிக் காட்சியைப் போட்டுடலாம். அவங்க குரலை ஜனங்க கேக்கட்டும்."

மினாத்தாவின் முகம் மாறியது. இடது கையால் மேஜையில் அடித்தார். "அயோ. அயோ. அயோ." இந்தத் தடவை தலையும் இல்லை என்றுதான் ஆடியது.

"அந்தக் காட்சியைப் போட்டாலே இப்படித்தான்" என்றாள் சாலி. "அம்மா பேசிக் கேக்கணும்போல இருந்தா போன்ல அதைத்தான் போடுவேன். உடனே முகத்தைத் திருப்பிக்குவாங்க. பேச முடியாத ஏக்கம்னு நினைச்சேன்."

மினாத்தா சுவரைக் காட்டினார். அங்கே படப்பிடிப்புக் குழுவின் புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இறக்கி மடியில் வைத்தேன். இருபத்து மூன்று வயதில் ஒல்லியாக நான் அதில் நின்றுகொண்டிருந்தேன். மினாத்தாவின் விரல் என்னைத் தாண்டி, இயக்குநரைத் தாண்டி, பின்வரிசை ஓரத்தில் கரண்டியோடு நின்ற ஒரு பெண்ணின் மேல் போய் நின்றது. அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தது.

"இது யாரு?" என்றாள் சாலி.

"சமையல் பண்ணினவங்க" என்றேன்.

"அயோ" என்றார் மினாத்தா, என் கண்ணையே பார்த்து.

நாற்பத்தொரு வருடமாக நான் சொல்லாமல் விட்டதை அந்த ஒரு சொல் பிடித்து வெளியே இழுத்தது. அன்று சாலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மினாத்தா போபோ ஊரில் நாடகம் ஆடிக்கொண்டிருந்த பெண். முகத்தைப் பார்த்து இயக்குநர் கூட்டிவந்தார். படம் மோரே மொழியில், அவருக்கு அது தெரியாது. வசனத்தைக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்து நடித்தார். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வானொலி நிலையத்தில் ஒரு அறை எடுத்து மூன்று அறிவிப்பாளர்களை வைத்து முயன்றோம். மூவரும் வசனத்தைச் செய்தி போல வாசித்தார்கள். நான்காம் நாள் மதியம், படக்குழுவுக்குச் சமைத்த சிப்து சாப்பாடு கொண்டுவந்தாள். பாத்திரங்களைத் திருப்பி எடுத்துப் போகக் காத்திருந்தவள், திரையில் மினாத்தாவின் உதடு அசைவதைப் பார்த்து, தனக்குத்தானே அந்த வசனத்தை முணுமுணுத்தாள். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. ஒரு வீட்டு வேலை சொல்வது போலச் சொன்னாள். இயக்குநர் திரும்பி, "ஸெர்போ, மைக்கைப் போடு" என்றார். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதினோரு நாள், வேர்வை வழிய அவள் பேசினாள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் சமையலுக்குக்கூட இல்லை.

"அப்ப நான் ராத்திரி பகலா கேட்டது எங்கம்மா இல்லையா?" என்றாள் சாலி.

"பின்னாடி வந்த படங்கள்ல அம்மாதாம்மா. மோரே கத்துக்கிட்டுப் பேசினாங்க. இது மட்டும் இல்ல."

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் நகரின் இன்னொரு பகுதியான தாபோயாவுக்குப் போனேன். சிப்து கஃபாந்தோ அங்கே தோலோ கடை வைத்திருக்கிறாள். சிவப்புச் சோளத்தில் காய்ச்சும் எங்கள் ஊர்ப் பீர் அது. ஓலைப் பந்தலின் கீழ் பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர் சுரைக்குடுக்கையும் கையுமாக இருந்தார்கள். அவளுக்கு எழுபது வயது. பெரிய கரண்டியால் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவள் மோசி இனம், நான் சாமோ. இரண்டு இனத்துக்கும் இடையில் பரிகாச உறவு. சந்தித்தால் திட்டிக்கொள்ள வேண்டும், யாரும் கோபப்படக் கூடாது.

"எழுந்து நில்லு, எஜமான் வந்திருக்கேன்" என்றேன்.

"பாருங்கப்பா, நாய்த்தலை தின்கிறவன் வந்துட்டான். தெருவுல நாயெல்லாம் பத்திரம்" என்றாள், நிமிராமலே. பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

"கழுதைத்தலை தின்கிறவங்க வாயிலேர்ந்து வேற என்ன வரும்?"

"உக்காரு. நாப்பது வருஷம் இந்தத் தெருப் பக்கம் வராத அடிமைக்கு என்ன திடீர்னு?"

சிரிப்போடுதான் கேட்டாள். நான் பரிகாசத்தை விட்டேன். அவள் பக்கத்தில் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். விருதை, மினாத்தாவின் நிலையை, புகைப்படத்தில் விரல் நின்ற இடத்தை. கரண்டி நின்றது.

"மேல சொல்லு."

"மேடையில அவங்களுக்காக நீங்க பேசணும். அதைத்தான் கேக்குறாங்கன்னு நினைக்கிறேன்."

"நல்லா இருக்கு. அவளுக்கு வாய் இருந்தப்ப நான் கிடையாது. வாய் போனதும் நான் வாயா?" கரண்டியைப் பானையின் மேல் குறுக்கே வைத்தாள். "விருது வாங்கிட்டு ரேடியோவுல என்ன சொன்னா தெரியுமா? இந்தக் குரல் எங்கம்மா குடுத்ததுன்னா. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டுக் கேட்டேன். சரி, சின்னப் பொண்ணு, பயந்திருப்பா. உனக்கு என்ன வந்துச்சு?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அவள் தெருவில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். சிரித்தார்களாம். பிள்ளைகள் பின்னாலேயே வந்து "நடிகை, நடிகை" என்று கத்தியிருக்கிறார்கள். கடைசியில் அவள் கணவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், அவளையும் நான்கு அண்டைவீட்டாரையும் அழைத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்கு வந்தார். "தம்பி, இவ சொல்றது நிசமா?" என்று என்னைக் கேட்டார். இயக்குநர் பக்கத்து அறையில் இருந்தார். அடுத்த படத்தில் என்னை முழு ஒலிப்பதிவாளனாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். "நிறைய பேர் வந்து போனாங்க. ஞாபகம் இல்ல" என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

"அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றாள் சிப்து. "இனிமே இதைப் பேசாத சிப்துன்னு ரொம்ப அன்பா சொன்னாரு. சாகுறவரைக்கும் நான் பொய் சொன்னேன்னுதான் நினைச்சிருந்தாரு. அதையும் மன்னிச்சுக் குடித்தனம் பண்ணினாரு பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நெருப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்: "சாப்பிடுறாளா? யார் ஊட்டுறா?"

"இடது கையால அவங்களே சாப்பிடுறாங்க."

"மேடை கீடை எல்லாம் கிடையாது. ஆளைப் பார்க்க வரேன். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை ஒரு தூக்குப் பாத்திரத்தில் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு மினாத்தா வீட்டுக்கு வந்தாள். மினாத்தாவுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"ரேடியோவுல உன் குரல்னு சொன்னியா இல்லையா?"

"அயோ" என்றார் மினாத்தா, தலையை ஆட்டிக்கொண்டு.

"நான் ரெண்டு தடவை உன் வீட்டுக்கு வந்தேன். ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லச் சொன்னியா இல்லையா?"

"அயோ." தலை ஆடியது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"தலை ஆமாங்குது, வாய் இல்லைங்குது. அன்னைக்கும் இதேதான் பண்ணின நீ."

மினாத்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று சாலி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிப்து முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு கிழவிகளும் மூச்சுத் திணறச் சிரித்தார்கள். நடுவில் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு மினாத்தா அலமாரியைக் காட்டினார். சாலி திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். விழாவுக்காக வாங்கிய கைத்தறித் துணி, கருநீலத்தில் வெள்ளைக் கோடு. ஒரே மாதிரி இரண்டு.

"கடையில ரெண்டு விரலைக் காட்டினாங்க" என்றாள் சாலி. "ஒண்ணு எனக்குன்னு நினைச்சேன். தைக்கக் குடுக்க விடல."

ஒன்றை மினாத்தா சிப்துவின் மடியில் வைத்தார். சிப்து துணியின் ஓரத்தைத் திருப்பி நெசவைப் பார்த்தாள். "நல்ல துணிதான்" என்றாள். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போனாள்.

கமிட்டியில் விஷயத்தைச் சொன்னபோது சாப்பாட்டுக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இயக்குநர் இறந்து ஒன்பது வருடமாகிவிட்டது. அவர் மகனைத்தான் முதல் வரிசைக்கு அழைத்திருந்தோம்.

"ஆதாரம் என்ன இருக்கு ஸெர்போ?" என்றார் தபிரே அம்மா. "விருது குடுக்குற நாள்ல அந்த அம்மாவோட பேரைக் கெடுக்கணுமா?"

"அவங்கதான் கேக்குறாங்க."

"அவங்க பேசவே மாட்டாங்களே."

"நான் பேசுறேன். பதிவு பண்ணினது நான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். குடும்ப உறவினர் என்ற பெயரில் சிப்து மினாத்தாவின் சார்பில் மூன்று நிமிடம் நன்றி சொல்வாள். பழைய கதை எதுவும் வேண்டாம். நான் அதைச் சிப்துவிடம் போய்ச் சொன்னபோது, "வரேன். என்ன பேசணும்னு நீங்க சொல்ல வேணாம்" என்றாள்.

விருது மாலையில் அறுநூறு இருக்கைகளும் நிறைந்திருந்தன. ஒரே துணியில் தைத்த உடையோடு இரண்டு பேரும் மேடைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் சாலி தாங்கிக்கொள்ள, மறு பக்கம் சிப்து. விருதான வெண்கலக் குடத்தை மினாத்தாவின் இடது கையில் கொடுத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அறிவிப்பாளர் பிரெஞ்சில், குடும்ப உறவினர் நன்றி கூறுவார் என்றார்.

சிப்து மைக்கின் முன்னால் நின்று மோரேயில் பேசினாள்.

"வந்தவங்களுக்கு வணக்கம். நான் இவங்க சொந்தக்காரி இல்ல. தாபோயாவுல தோலோ விக்கிறவ. இவங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சு, அதனால நான் பேசுறேன். முன்னாடியும் ஒரு தடவை இவங்களுக்காகப் பேசியிருக்கேன்."

நடுவரிசையில் ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் "அந்தக் குரல்தான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க, எனக்குப் பழக்கந்தான். இங்க ஸெர்போன்னு ஒரு நாய்த்தலை தின்கிறவன் இருக்கான். எழுந்திருடா."

சிலர் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"சொல்லு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "படத்துல கேக்குறது சிப்து கஃபாந்தோ குரல். பதினோரு நாள் நான் பதிவு பண்ணினேன். ஒருத்தர் வந்து கேட்டப்ப ஞாபகம் இல்லைன்னு சொன்னேன். அன்னைக்கும் ஞாபகம் இருந்துச்சு."

இயக்குநரின் மகன் எழுந்து வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை. சிப்து அவர் கதவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அந்தக் குடத்தை இறக்காம நின்னாளே, அது நான் இல்ல. பாஷை தெரியாத ஊர்ல, கோடை வெயில்ல, தண்ணி நிறைஞ்ச குடத்தோட பதினாலு தடவை நின்னா. சாயங்காலம் கழுத்து திரும்பல. நான்தான் எண்ணெய் தேச்சுவிட்டேன். அவ நின்ன நிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு. அதனால இந்த விருது அவளுக்குச் சரிதான். என் வீட்டுக்காரர் இருந்திருந்தா இன்னைக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன். அவ்வளவுதான்."

மினாத்தா மைக்கை நோக்கிச் சாய்ந்தார். "அயோ" என்றார், தெளிவாக. எதற்கு இல்லை என்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. சிப்து மட்டும், "சரி சரி, வா" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டு நாள் பத்திரிகைகளில் சண்டை நடந்தது. இத்தனை வருடம் கழித்து இது எதற்கு என்று ஒருவர் எழுதினார். நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று தெருவில் என்னை ஒருவர் நிறுத்திச் சொன்னார். தபிரே அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதி, படத்தின் புதிய பிரதியில் சிப்துவின் பெயரைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். பிரதி இன்னும் தயாராகவில்லை.

சாலிக்குத்தான் அதிக நாள் ஆயிற்று. முதல் வாரமே அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டாளாம். இப்போது அம்மாவின் வேறொரு படத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள். மாமியாராக வந்து மருமகளைத் திட்டும் வேஷம். "போபோக்காரங்க மோரே பேசுற மாதிரிதான் இருக்கு, கேட்டா சிரிப்பு வருது" என்றாள். அது ஓடும்போது மினாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

சிப்து வியாழக்கிழமைதோறும் தூக்குப் பாத்திரத்தோடு கூங்கினுக்குப் போகிறாள். பாட்டாகச் சொன்னால் வார்த்தை வரலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். சர்ச்சுப் பாட்டையெல்லாம் பாடிக் காட்டுகிறாள். முஸ்லிம் வீட்டில் இதென்ன பாட்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "மருந்து" என்றாளாம். மழைக்காலம் முடிவதற்குள் மினாத்தாவுக்கு "உப்பு" என்ற வார்த்தை வந்துவிட்டது. குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லத்தான் அது பயன்படுகிறது என்று சிப்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

நானும் வாரம் ஒரு தடவை தாபோயாவுக்குப் போகிறேன். திட்டுகிறாள், நானும் திட்டுகிறேன். பெஞ்சில் எல்லோருக்கும் ஊற்றிய பிறகு, கடைசியாகத்தான் என் குடுக்கைக்கு வருகிறாள். நான் காத்திருக்கிறேன்.